எதுவும் கேட்காத மீனவர்

கோணாமலைக்கு ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஒரு போட்டோவும் ஒழுங்காக விழுந்ததில்லை. அடையாள அட்டையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். கலியாணப் படத்தில் பக்கத்தில் நின்ற தோழன்தான் மாப்பிள்ளை மாதிரித் தெரிகிறான். அப்படிப்பட்ட மனிதருடைய முகம் நாவற்குடாவில் இருபதடி உயரத்துக்கு எழும்பி நின்றது என்றால், அது அவர் எந்தப் பிறவியிலோ செய்த வினை என்றுதான் சொல்லவேண்டும். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அவருடைய வீட்டிலிருந்து வாவிக்குப் போக ஒரே ஒரு வழிதான். இடப்பக்கம் ஒரு ஹோட்டல் மதில், உச்சியில் உடைந்த போத்தல் ஓடு பதித்தது. வலப்பக்கம் கண்டல் மரங்களும் சேறும், கால் வைத்தால் இடுப்பு வரைக்கும் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு மணல் ஒழுங்கை. அதன் முடிவில் அவருடைய தோணி. தோணியை வேறு துறையில் கட்டலாமே என்று கேட்பீர்கள். வேறு துறைகளில் வேறு ஆட்களுடைய தோணிகள் மூன்று தலைமுறையாகக் கட்டிக் கிடக்கின்றன. புதிதாக ஒரு முளை அடிக்கப் போனால் வெட்டுக்குத்தில்தான் முடியும். ஆகவே அந்த எட்டடிதான் கோணாமலையின் சோறு.

சித்திரை மாதம் ஒருநாள் காலை அவருடைய வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. முன்பு ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதும் வெள்ளை வான்தான், ஆகவே அவருடைய மனைவி ஆச்சிப்பிள்ளை அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். இறங்கியவர்கள் கமராவும் குடையும் வைத்திருந்ததைச் சாளரத்தால் பார்த்த பிறகுதான் திறந்தாள். தேசிய உணர்வு எழுச்சிப் பணியகத்தின் கிழக்குக் கிளையில் இருந்து வந்திருக்கிறார்களாம். ஒரு உண்மையான மீனவருடைய முகம் வேண்டுமாம். கோணாமலை தோணியடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கமராக்காரர் நல்ல வெளிச்சம் தேடிப் பின்னுக்குப் போய்ப் போய், கடைசியில் சப்பாத்துக் காலோடு விரித்திருந்த வலையில் ஏறி நின்றார்.

“டேய், அங்கால போடா! வலைய மிதிக்கிறாய்!” என்று கோணாமலை விரலை நீட்டிக் கத்தினார். கமரா அந்த நேரம் பார்த்துக் கிளிக் என்றது.

அதற்குப் பிறகு வான்காரர்கள் நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். அவரும் அதை மறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து ஒரு லொறியில் இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. அரை நாளில் சட்டம் எழும்பியது, மறு அரை நாளில் பதாகை விரிந்தது. மெயின் ரோட்டைப் பார்த்தபடி, ஹோட்டல் மதிலில் இருந்து கண்டல் வரைக்கும், எட்டடியையும் ஒரு விரல்கூட மிச்சமில்லாமல் அடைத்துக்கொண்டு கோணாமலையின் முகம். நீட்டிய விரல் ஒரு பனங்குற்றியளவு. கண்ணில் கொலைவெறி. கீழே சாண் உயர எழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

‘நான் நாட்டிடம் எதுவும் கேட்கவில்லை. நீ?’

“தம்பிமாரே, இது நான் வாவிக்குப் போற வழியெல்லோ,” என்றார் கோணாமலை.

ஏணியில் நின்றவன் பதாகையைப் பார்த்தான், கீழே நின்றவரைப் பார்த்தான். “இது நீங்களாண்ண?”

“ஓம்.”

“உங்கட பெனர்தானே. மறுகா என்ன பிரச்சினை?” என்று கேட்டுவிட்டுக் கடைசிக் கம்பியை முறுக்கினான்.

கோணாமலை அன்று பின்னேரமே பதாகையின் அடி விளிம்பைத் தூக்கி, தன் பெயரில் எழுதியிருந்த கேள்விக்குறிக்குக் கீழாக, வயிற்றால் ஊர்ந்து அந்தப் பக்கம் போய்த் தோணியைப் பார்த்துவிட்டு வந்தார். முதுகில் மணலைத் தட்டிவிட்ட ஆச்சிப்பிள்ளை, “பாம்பு மாதிரி ஊந்து போய்த்தான் மீன் புடிக்கணுமா?” என்று கேட்டாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று அவர் சொன்னார்.

பதாகை கறுப்பு வெள்ளையில் இருந்ததுதான் அடுத்த வில்லங்கம். பழைய காலத்துக் கம்பீரம் வரவேண்டும் என்று பணியகம் அப்படி அடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் பெரிய முகம் ஒன்று ரோட்டோரம் எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் சந்திக்குச் சந்தி கட்டும் கண்ணீர் அஞ்சலி அது. எழுத்தை வாசிக்க ஒருவரும் மினக்கெடுவதில்லை, முகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிடுவார்கள்.

கோணாமலையின் அக்கா பத்தினிப்பிள்ளை களுதாவளையில் இருந்து டவுனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். நாவற்குடாவில் தம்பியின் முகத்தைக் கண்டதும் அவள் போட்ட கூக்குரலுக்கு ட்ரைவர் பிறேக்கை மிதித்ததில் நின்றவர்கள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இறங்கி ஓடியவள் பதாகைக்கு முன்னால் குந்தினாள். போனில் மூன்று பேருக்குச் சொன்னாள். அந்த மூன்று பேரும் ஊருக்கே சொன்னார்கள். ஒரு மணித்தியாலத்தில் களுதாவளையில் இருந்து மூன்று வான் வந்துவிட்டது. பெண்கள் தலையை விரித்துக்கொண்டு வட்டமாக இருந்தார்கள்.

“என்ட தம்பி, சொல்லாமக் கொள்ளாமப் போனியேடா! விரல நீட்டி என்னக் கூப்புடுறியேடா! நானும் வாறன்டா!” என்று பத்தினிப்பிள்ளை மார்பில் அடித்துக்கொண்டாள். மற்றவர்களும் விரலைப் பார்த்துப் பார்த்து அழுதார்கள். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாதபடியால் இரண்டு கிழவர்கள் மெல்ல ஒதுங்கி, விரலுக்கு நேரே இல்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கோணாமலை இறால் கூடையை முன்னே தள்ளிக்கொண்டு பதாகைக்குக் கீழால் தலையை நீட்டினார்.

“அக்கா, என்ன, ஆருக்கு என்ன நடந்த?”

பத்தினிப்பிள்ளை எழும்பி வந்து அவருடைய முகத்தைத் தடவிப் பார்த்தாள். உயிரோடுதான் இருக்கிறான் என்று உறுதியானதும் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். “உசிரோட இரிக்கிறவன் என்னத்துக்குடா பெனர் கட்டின?” என்று கேட்டு, முதலில் அழுததைவிட அதிகமாக அழுதாள். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றி ஆச்சிப்பிள்ளைக்கு வீட்டில் இருந்த சீனி முடிந்தது.

இதையெல்லாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பணியகத்துக் கமராக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாத அறிக்கையில் இப்படி வந்தது: ‘பதாகை நிறுவப்பட்டு நான்கு நாட்களுக்குள் சுமார் அறுபது பொதுமக்கள் தாமாகவே திரண்டு வந்து, வெறுந்தரையில் அமர்ந்து, தேசிய உணர்வு மேலிட்டுக் கதறி அழுதனர். ஏனைய மாவட்டங்களில் இத்தகைய விளைவு இதுவரை அவதானிக்கப்படவில்லை.’

இவ்வளவு நன்றாக வேலை செய்கிற பதாகையைக் காவல் இல்லாமல் விடலாமா? யோகராசா என்ற காவலாளியைப் போட்டார்கள். காலை ஆறு மணியில் இருந்து மாலை ஆறு மணி வரை பிளாஸ்டிக் கதிரையில் இருப்பான். நல்ல மனிதன். கோணாமலையை அவனுக்குப் பிடித்துக்கொண்டது, ஆனால் வழி விடமாட்டான்.

“கோவிக்காதீங்கண்ண. தேசத்தின்ட முகத்துக்குக் கீழால ஊந்து போறது அவமதிப்பாம். எழுத்தில தந்திரிக்காங்க.”

“அது என்ட முகம்டா.”

“தெரியும். அதான் நீங்க செஞ்சா இன்னும் பெரிய குற்றமாம்.”

அதற்குப் பிறகு கோணாமலை நாலு மணிக்கே எழும்பி ஊர்ந்து போனார், யோகராசா போகும் வரைக்கும் வாவியிலேயே கிடந்தார். பிடித்த மீன் வெயிலில் கிடந்து நாறியது. வியாபாரி இரண்டு நாள் பார்த்தான், மூன்றாம் நாள் வேறு தோணிக்குப் போய்விட்டான். முன்னால் வெள்ளைத் தண்ணி, பின்னால் தன் முகத்தின் பின்புறம். வெயில் அந்தத் துணியில் பட்டால் கண்ணும் விரலும் மறுபக்கமாகத் தெரியும், அப்போது அவர் தன்னையே பார்க்காமல் திரும்பி இருந்துகொள்வார். சொந்த முகத்தைக் கண்டு ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெறுப்பு வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

வேறு பக்கத்தாலும் அடைத்துக்கொண்டு வந்தது. மீனவர் சங்கத்தில் எல்லாருக்கும் வலை கொடுத்தார்கள். இவருடைய முறை வந்ததும் தலைவர் வலையை நீட்டியவர் திரும்ப இழுத்துக்கொண்டார். “கோணாமலையண்ண, நீங்க எதுவும் கேக்காத ஆள். உங்களுக்கு இதத் தந்து உங்கள நாங்க சிறுமைப்படுத்தப்படாது,” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இவரும் தட்டவேண்டியதாகப் போயிற்று.

ஆவணி மாதம், பொறுக்க முடியாமல், வெளுத்த சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு டவுனில் இருந்த பணியகத்துக்குப் போனார்.

பணிப்பாளர் உதயரூபன் எழும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கொழும்பில் மூன்று வாரம் சுவரொட்டிக் கலையில் பயிற்சி பெற்றவர். அறைச் சுவர் முழுக்கப் பழைய உலக யுத்தங்களின் சுவரொட்டிகள் சட்டம் போட்டுத் தொங்கின. கோணாமலை வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“பாருங்க கோணாமலையண்ணன், இந்த மீசைக்காரர். உங்களைப் போலத்தான், விரலை நீட்டினார். அவ்வளவுதான். இலட்சக்கணக்கான இளைஞர்கள் அடுத்த நாளே பட்டாளத்தில சேர வரிசையில போய் நிண்டாங்க. துவக்குத் தேவைப்படல்ல, விரல் மட்டும்தான்!”

“போனவங்க திரும்பி வந்தாங்களா சேர்?”

“அது சுவரொட்டிப் பிரிவுக்குரிய விசயம் இல்ல.” உதயரூபன் அடுத்த படத்துக்கு நகர்ந்தார். “இந்த அம்மா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பெக்டரிக்கு வாங்க எண்டு கூப்பிடுறா. இது, வாயைப் பொத்து, எதிரி கேட்டுக்கொண்டிருக்கான் எண்டு சொல்லுது. இது, வளவில கிழங்கு நடு, யுத்தத்தில வெல்லலாம் எண்டு சொல்லுது. இது சவர்க்கார விளம்பரம். போர்முனைக்குப் போற வீரனுக்கு எங்கட சவர்க்காரம்! நாட்டுப்பற்றும் வித்துது, சவர்க்காரமும் வித்துது. என்ன ஒரு காலம்!”

“இப்ப யுத்தம் இல்லத்தானே சேர்? முடிஞ்சு எவ்வளவு காலம்.”

“யுத்தம் முடியலாம். பணியகம் முடியலாமா?” என்று கேட்ட பணிப்பாளர், தான் சொன்னதில் தானே மயங்கிச் சற்று நேரம் சாளரத்தைப் பார்த்தபடி நின்றார்.

கோணாமலை சுவரில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இந்த ஆக்கள் எல்லாம் இப்ப எங்க சேர்?”

“எல்லாரும் காலமாகிட்டாங்க. அதான் அவங்களோட வேலை செய்யிறது லேசு. செத்தவங்க அலுவலகத்துக்கு வந்து முறைப்பாடு குடுக்கிறதில்ல.” உதயரூபன் கதிரையில் அமர்ந்து, குரலைத் தாழ்த்தினார். “நீங்க என்ன விசயமா வந்தீங்க?”

“எனக்கிட்ட இருக்கிறது அந்த வழி ஒண்டுதான் சேர். பெனரக் கொஞ்சம் அங்கால தள்ளிக் கட்டச் சொல்லிக் கேக்க வந்தன்.”

“கேக்க வந்தீங்களா?” பணிப்பாளரின் முகம் சுண்டிப்போனது. மனது உண்மையிலேயே நொந்துவிட்டது. “இருபதடியில, இந்த மாவட்டத்துக்கே தெரியிற மாதிரி, எதுவும் கேட்கவில்லை எண்டு நீங்க சொல்லியிருக்கிறீங்க. உங்களைப் பார்த்து எத்தனை பேர் கேக்கிறதை நிறுத்தியிருக்காங்க தெரியுமா? மீன்பிடிக்காரர் நிறுத்திட்டாங்க, விவசாயி நிறுத்திட்டான். இந்த வருசம் இந்தக் கந்தோருக்கு ஒரு விண்ணப்பம்கூட வரல்ல. இப்ப நீங்களே வந்து கேட்டா, நான் அவங்களுக்கு என்ன சொல்லுவன்?”

“அத நான் சொல்லல்ல சேர். வலைய மிதிக்காத எண்டுதான் சொன்னன்.”

“சொன்னது நீங்களா இருக்கலாம். அதுக்கு அர்த்தம் குடுத்தது நாங்க,” என்றார் உதயரூபன்.

வெளியே வந்தவரைப் பார்க்க முன்மேசையில் இருந்த எழுதுனர் நிருஷாவுக்குப் பாவமாக இருந்தது. அவள் லாச்சியைத் திறந்து ஒரு படிவம் எடுத்துக் கொடுத்தாள். தலைப்பு: தேச முகம் நீக்கல் கோரிக்கை. கோணாமலைக்கு உயிர் வந்தது. வாசித்துக்கொண்டு போனார். காரணம் என்ற இடத்தில் இரண்டே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று: காலமானார். மற்றது: தேசத்துரோகி ஆனார்.

“வழி அடைபடுது எண்டு எழுத ஒரு பெட்டி இல்லையா புள்ள?”

“இல்ல ஐயா. இது ரெண்டுக்கும்தான் முகத்தை எடுப்பம். வேற எதுக்கும் எடுக்க ஏலாது.”

“செத்தா எப்பிடி நான் வந்து இதக் குடுக்கிற?”

“நீங்களேதான் கையெழுத்து வைக்கணும் ஐயா. உங்கட முகம் உங்கட உரிமை. வேற ஆள் வைச்சா செல்லாது.” அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, “மரணப் பத்திரம் எல்லாம் கேக்கமாட்டாங்க. பெட்டியை மட்டும்தான் பாப்பாங்க,” என்றாள்.

கோணாமலை படிவத்தை மடித்துச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். ஆச்சிப்பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். இரண்டாவது பெட்டியில் இருந்த சொல்லை அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை. அந்தச் சொல் இந்தக் கரையில் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியது என்று இருவருக்கும் தெரியும். யுத்தம் நடந்தபோது ஒருகாலம் இந்தப் பக்கத்துத் துவக்குக்காரர் அந்தச் சொல்லை எழுதினார்கள், இன்னொரு காலம் அந்தப் பக்கத்துத் துவக்குக்காரர் எழுதினார்கள். எழுதியவர் மாறினாலும் காலையில் ரோட்டில் கிடந்தது ஒரே மாதிரித்தான் இருந்தது. ஆச்சிப்பிள்ளையின் சொந்தத் தம்பியும் அப்படித்தான் போனான்.

“முதலாவதுல கீறுங்க,” என்றாள்.

“உனக்கு விசரா புள்ள? தாலியோட இரிக்கிற நீ.”

“செத்த எண்டு எழுதினா, பொய் எண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த மத்தச் சொல்ல எழுதினா, பொய் எண்டு சொல்ல ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க.” அவள் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். “கீறுங்க. பூவும் பொட்டும் நான் எடுக்கமாட்டன். ஆர் வந்து கேக்கிறாங்க எண்டு பாப்பம்.”

கோணாமலை பேனையை எடுத்து, காலமானார் என்ற பெட்டியில் கீறி, கீழே கையொப்பமிட்டார். அவர் அப்போதே கொஞ்சம் செத்த மாதிரித்தான் உணர்ந்தார், அதை மனைவியிடம் சொல்லவில்லை.

படிவம் கொடுத்த மூன்றாம் நாள் பதாகையைக் கழற்றினார்கள். எங்கள் அலுவலகங்களில் ஒரு காரியம் மூன்று நாளில் நடந்தால் பயப்படவேண்டும், ஆனால் கோணாமலைக்கு அன்றைக்குப் பயப்படத் தோன்றவில்லை. எட்டடியும் திறந்து கிடந்தது. வெட்டவெளியால் வாவிக் காற்று வீட்டுக்குள் வந்தது. அவர் நிமிர்ந்து நடந்து தோணியடிக்குப் போனார், ஒரு காரியமும் இல்லாமல் திரும்பி வந்தார், மறுபடியும் போனார். வியாபாரியும் திரும்பி வந்தான். ஆச்சிப்பிள்ளை அந்தக் கிழமை இரண்டு தரம் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் சீமெந்தும் கல்லும் வந்து இறங்கின. மேசன்மார் அத்திவாரம் வெட்டினார்கள். என்ன கட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, நாட்டுக்காக மீன் பிடித்து உயிர் நீத்த ஒருவருக்கு நினைவு மதில் என்றார்கள். பதாகையை வெயில் தின்னும், மழை தின்னும், இது நூறு வருசம் நிற்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள். கோணாமலை நிருஷாவிடம் ஓடினார். அவள் கண் கலங்கிப்போனாள். இறந்தவருடைய முகத்தை நீக்கியதும் அவருக்கு நினைவுச் சின்னம் கட்டவேண்டும் என்று படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். பின்பக்கத்தை அவளும் இதுவரை வாசித்ததில்லை.

உதயரூபனைச் சந்திக்கக் கேட்டார். “காலமானவர்களை அவர் சந்திக்கிறதில்ல ஐயா,” என்று நிருஷா தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

மதில் பத்தடிக்கு எழும்பியது. நடுவில் மட்டும் இரண்டடி இடைவெளி விட்டிருந்தார்கள். கோணாமலை அதற்குள்ளால் போய் வந்தார். இதையாவது அடைக்காமல் விடுவீர்களா என்று மேசனிடம் கேட்டார். அந்த இடத்துக்கு என்ன வருகிறது என்று தனக்குத் தெரியாது, கதவாகத்தான் இருக்கும் என்று மேசன் சொன்னான். கோணாமலை அதை நம்பினார், நம்பாமல் வேறு என்ன செய்ய?

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் வழமைபோல விடிய முன்னரே தோணியேறிப் போய், மணலை மீனும் இறாலுமாக ஒரு கூடை நிறையப் பிடித்துக்கொண்டு ஒன்பது மணி போலத் திரும்பினார். தோணியை முளையில் கட்டிவிட்டு, கூடையோடு முழங்கால் தண்ணிக்குள் இறங்கி நிமிர்ந்து பார்த்தார். இடைவெளி இல்லை. அந்த இடத்தில் ஒரு கருங்கற் பலகையைப் பதித்துச் சுற்றிச் சீமெந்து பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. கல்லின் முதுகுப்பக்கம்தான் இவருக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒலிபெருக்கி இரைந்தது.

“... அவர் எங்களிடம் வழி கேட்கவில்லை, வலை கேட்கவில்லை, ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை!” உதயரூபனின் குரல் தழுதழுத்தது. “இப்படியொரு குடிமகன் எங்களுக்கு உயிரோடு இருக்கும்போது கிடைக்கவில்லையே என்றுதான் நான் வருந்துகிறேன். அன்னாரின் துணைவியார் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்.”

கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“ஆச்சிப்பிள்ள! நான் வந்துட்டன்! ஏணி ஒண்டு போடச் சொல்லு!” என்று கோணாமலை கத்தினார்.

மறுபக்கத்தில் ஆச்சிப்பிள்ளை ஏதோ சொல்லத் தொடங்கியது அவருக்குக் கேட்டது. யாரோ பல பேர் ஒரேயடியாக உஷ் என்றார்கள். அவளுடைய குரல் நின்றுபோனது.

மதிலின் உச்சியில் ஒரு தொப்பி தெரிந்தது, பிறகு யோகராசாவின் முகம் தெரிந்தது. ஏணியில் ஏறியிருந்தான். கோணாமலையைக் கண்டதும் அவனுடைய முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. உதட்டில் விரலை வைத்து, மெல்லிய குரலில் கெஞ்சினான்.

“அண்ண, சத்தம் போடாதீங்க. ஒரு நிமிசம் பொறுங்க. உங்களுக்குத்தான் எல்லாரும் எழும்பி நிக்கிறம்.”

கோணாமலை வாயை மூடினார். அந்தப் பக்கம் இவ்வளவு சனம் வெயிலில் எழும்பி நிற்கிறது, தான் மட்டும் மரியாதை இல்லாமல் நிற்பது சரியில்லை என்று அவருக்குப் பட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். தண்ணிக்குள் நேராக நின்று தலையைக் குனிந்தார். கூடைக்குள் மீன்கள் துள்ளின. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று அவற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.